ஞாயிற்றுக்கிழமை முகம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் சபினைப் பார்த்தவர்களிடம் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். தலை வாரி, கொண்டை போட்டு, உதட்டில் லேசாகச் சாயம் பூசி, அப்பா அம்மாவின் கல்யாணப் படத்துக்குக் கீழே பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். ஐம்பதைத் தாண்டியவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிரான்சில் இருக்கும் அவள் அக்கா இவோனும் தம்பி ழான்-லூக்கும் நாலு வருஷமாகப் பார்த்து வருவது இந்தச் சபினைத்தான். வாரத்தின் மற்ற நாளெல்லாம் படுக்கையில் கிடக்கும் சபினை அவர்கள் பார்த்ததில்லை. பார்க்க அவள் விட்டதும் இல்லை. அவளுக்கு வந்த வினையில் பாதி கோவிட் கொண்டுவந்தது என்றால், மீதிப் பாதி அவளே பவுடர் பூசி வளர்த்தது.

அங்கே மதியச் சாப்பாடு நடக்கிற நேரம் இங்கே சாயங்காலமாகிவிடும். இவோன் துலூஸிலிருந்து, ழான்-லூக் பாரிசுக்குப் பக்கத்திலிருந்து, சபின் புதுச்சேரியிலிருந்து, மூன்று பேரும் ஒரே வீடியோ காலில் அரைமணி நேரம் பேசுவார்கள். அந்த அரைமணி நேரத்துக்கு அவள் வெள்ளிக்கிழமையே தயாராக ஆரம்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பாள். தலைக்குக் குளித்தால் அன்றைக்கு அவளால் வேறெதுவும் ஆகாது. சனிக்கிழமை முழுக்க சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஞாயிறு காலை பூசைக்குக்கூடப் போவதில்லை. சம்பா கோவில் மணி காதில் விழும்போது படுத்தபடியே சிலுவை போட்டுக்கொள்வாள். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது. அக்காவும் தம்பியும் கவலைப்படுவார்களே என்பதுதான் அவளுக்குத் தாங்காது.

"சா வா, சபின்?" என்று ஆரம்பிப்பாள் இவோன். நல்லா இருக்கியா என்று கேட்பதற்கு அவர்கள் வீட்டு வார்த்தை அது. "சா வா, சா வா" என்பாள் சபின். கால் முடிந்ததும் கொண்டையை அவிழ்க்கக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போய் விழுவாள்.

இந்தப் பழக்கம் அம்மா கொடுத்தது. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் சம்பாதித்துக் கொடுத்த கௌரவத்தை அம்மா இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். "நாலு பேர் முன்னாடி வந்து நின்னா நல்லபடியா நிக்கணும். நம்ம கஷ்டத்த ஊருக்குக் காட்டி என்னா ஆவப் போவுது?" என்பாள். இரண்டாம் அலையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது ஆம்புலன்ஸ்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அம்மா கையை நீட்டிக் கேட்டது தண்ணீர் இல்லை, பவுடர் டப்பா. சபின் பூசிவிட்டாள். அந்த முகத்தோடுதான் அம்மா வீட்டை விட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

அதே வாரம் சபினுக்கும் காய்ச்சல். அவளை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. இவோனுக்கும் ழான்-லூக்குக்கும் விமானம் இல்லை. பெற்ற மூன்று பேரில் ஒருவர்கூட அம்மாவின் குழியில் ஒரு பிடி மண் போடவில்லை. யாரோ நாலு பேர், முகம் தெரியாமல் மூடிக்கொண்டு வந்தவர்கள், போட்டார்கள். இதைப் பற்றி மூன்று பேரும் பேசிக்கொள்வதே இல்லை.

காய்ச்சல் போய்விட்டது. அசதி போகவில்லை. அசதி என்று சொன்னாலே கேட்பவர்களுக்கு எளக்காரம். "யாருக்குத்தான் அசதி இல்ல?" என்பார்கள். மாடிப்படி ஏறினால் வருகிற அசதி இல்லை இது. பல் தேய்த்தால் கை மரத்துப்போய்த் தொங்குகிற அசதி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தலைக்குள் ஏதோ அறுந்துபோகிற அசதி. எவ்வளவு தூங்கினாலும் நிறையாது, மேல்தொட்டியில் எங்கேயோ ஓட்டை இருப்பது மாதிரி. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம், நெஞ்சு, மூளை என்று எல்லாம் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு இளம் டாக்டர்தான், இதற்கு லாங் கோவிட் என்று பெயர், மருந்து இன்னும் இல்லை, முடிந்ததற்கு மேல் செய்தால் இன்னும் கீழே தள்ளும், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றார். அந்தப் பெயரை மட்டும் அக்காவிடமும் தம்பியிடமும் ஒருதரம் போகிறபோக்கில் சொல்லி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சராக இருந்தவள், நாற்பது பிள்ளைகளின் சத்தத்தில் ஒருநாள் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதோடு வேலை போயிற்று.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கீழ்ப் போர்ஷனில் குடியிருப்பவர்கள், வாடகை வருகிறது, உடம்பு வணங்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போக சாரம் பக்கமிருந்து வருகிற வசந்தாவுக்கு மனசு நல்ல மனசுதான். ஆட்டுக்கால் சூப்பெல்லாம் வைத்துக் கொண்டு வருவாள். ஆனால் அவளும் தூக்குப் பாத்திரத்தை வைக்கும்போதே, "படுத்தே கெடந்தா எப்பிடி டீச்சர்? பீச்சு ரோட்ல நாலு எட்டு நடந்துட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்" என்பாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். சபின் பதில் சொல்வதில்லை. பதில் சொல்வதும் ஒரு வேலை.

வசந்தா போனதும் வீடு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரைக்கும் சபின் குரல் யாருக்கும் கேட்காது. அவளுக்கே கேட்காது. சில நாள் தன் குரல் இருக்கிறதா என்று பார்க்க, 'சபின்' என்று சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வாள். அவளுக்குப் பணிவிடை செய்ய ஆள் வேண்டும் என்றில்லை. பக்கத்து அறையில் ஒரு மனுஷி இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழாய் திறக்கிற சத்தம், பாத்திரம் கைதவறி விழுகிற சத்தம், செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிற சத்தம். தான் படுத்திருக்கும்போது வீட்டில் இன்னொரு உயிர் எழுந்து நடமாட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். பிச்சைக்காரத்தனமான ஆசை என்று தன்னையே திட்டிக்கொள்ளவும் செய்தாள்.

அந்த ஆசைக்கு இந்த வருஷம் வழி பிறந்திருந்தது. இவோன் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ரிட்டையர் ஆகிவிட்டாள். டிசம்பரில் வந்து மூன்று மாதம் தங்கப்போவதாக டிக்கெட் போட்டிருந்தாள். "சும்மா வந்துட்டுப் போயேன் அக்கா, கிறிஸ்மஸ் ஒண்ணா கொண்டாடி எத்தன வருஷம் ஆவுது" என்றுதான் சபின் கூப்பிட்டிருந்தாள். எனக்கு முடியவில்லை, நீ வேண்டும் என்று கூப்பிடவில்லை. அப்படிக் கூப்பிட அந்த வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் டிக்கெட் போட்ட நாளிலிருந்து சபின் உள் அறைக் கட்டிலைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டாள். வசந்தாவிடம் சொல்லி மெத்தையை வெயிலில் போட்டு எடுக்க வைத்தாள்.

இதற்கு நடுவில் கல்லறைத் திருநாள் வந்தது. இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுந்தது. வருஷம் தவறாமல் சபின்தான் உப்பளம் கல்லறைக்குப் போய், வெள்ளையடித்து வைத்த கல்லறைக்குப் பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் தீர்த்தம் தெளிக்கிறவரை நின்று, வீடியோவில் அக்காவுக்கும் தம்பிக்கும் காட்டுவாள். மண் போடாத மூன்று பேருக்கும் அந்த ஒரு நாள்தான் பிராயச்சித்தம். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதற்காக முந்தின வாரம் முழுக்க ஒடுங்கிக் கிடந்தாள். பேசவில்லை, படிக்கவில்லை, ரேடியோகூடப் போடவில்லை. சேர்த்து வைத்த தெம்பையெல்லாம் அன்றைக்கு எடுத்து உடுத்திக்கொண்டாள் என்றே சொல்ல வேண்டும். அம்மாவின் நீலப் பட்டுப்புடவை, முத்துத் தோடு, உதட்டுச்சாயம். வசந்தா வாளியையும் சாமந்திப் பூவையும் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். ஆட்டோவில் ஏறும்போதே, "டீச்சர், கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்றாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கல்லறை முழுக்க ஜனம். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்த தூரத்து உறவுக்காரர்கள் சபினைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்கள். மாறவே இல்லை என்றார்கள். மெழுகுவர்த்தி இரண்டு தரம் அணைந்து மூன்றாம் தரம் நின்றது. சபின் போனைத் தூக்கிப் பிடித்து, அப்பா பெயரையும் அதற்குக் கீழே அம்மா பெயரையும் காட்டினாள். அந்தப் பக்கம் இவோன் அழுதாள். ழான்-லூக் மூக்கை உறிஞ்சினான். பிறகு சபின் போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, சூப்பரா இருக்க!" என்றான் ழான்-லூக். "பாத்தியா பெரியக்கா? லாங் கோவிடாவது ஒண்ணாவது. எல்லாம் ஓடிப்போச்சு."

இவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்தாள். "சபின், நேரா கேக்கறேன். நெஜமாவே நல்லா இருக்கியா?"

இதோ, நாலு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அக்கா கேட்கிறாள், நேராகக் கேட்கிறாள். சபினுக்குக் கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. பட்டுப்புடவைக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள், அம்மா காலடியில் படுத்திருக்கிறாள்.

"நல்லாத்தான் இருக்கேன் அக்கா."

இவோன் முகத்தில் பாரம் இறங்கியதைச் சபின் பார்த்தாள்.

"அப்பாடா. எப்பிடிக் கேக்கறதுன்னு ஒரு வாரமா முழிச்சிட்டிருந்தேன்டி. மொர்கான் ரெண்டாவது தடவ மாசமா இருக்கால்ல, அதுல ஏதோ செரமம். குழந்த பொறக்கற வரைக்கும் படுக்கைய விட்டு எழுந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. மூத்த பையன் ஜூலப் பாத்துக்க ஆளில்ல. நீ நல்லா இருக்கறதால கேக்கறேன், நான் டிக்கெட்ட கோடைக்கு மாத்திக்கட்டுமா?"

மொர்கான் இவோனின் மகள். படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், உடனே ஒரு குடும்பமே அவளைச் சுற்றி நிற்கிறது. சபினுக்கு ஒரு கணம் அந்தப் பெண்மேல் பொறாமையாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

"பொண்ணப் பாரு அக்கா. இங்க என்னா அவசரம்?" என்றாள்.

இந்த நோய் உடனே அடிக்காது, ஒருநாள் விட்டுத்தான் அடிக்கும். அதனால்தான் சாட்சிக்கு ஆள் கிடைப்பதில்லை. திங்கட்கிழமை அவள் எழுந்து காப்பிகூடப் போட்டுக் குடித்தாள். "பாத்தீங்களா, வெளிய போயிட்டு வந்ததும் தெளிச்சியா ஆயிட்டீங்க" என்று வசந்தா சந்தோஷப்பட்டாள். செவ்வாய்க்கிழமை சபினால் போர்வையை விலக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வசந்தா ஜன்னலைச் சாத்தி, இட்லியைத் தலைமாட்டில் வைத்து, "நல்லாத்தான இருந்தீங்க" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். அதில் கரிசனம் பாதி, சந்தேகம் பாதி. இட்லி அங்கேயே காய்ந்தது. மழை பிடித்துக்கொண்டு ஓயாமல் பெய்தது. ஒவ்வொரு சொட்டும் ஜன்னலுக்கு மேலிருந்த தகரத்தில் விழுவது தலைக்குள் விழுவதாக இருந்தது.

அழுவதற்கும் தெம்பு வேண்டும். அதனால் சபின் அழவில்லை, கோபப்பட்டாள். முதலில் இவோன்மேல், பிறகு அந்தப் பிறக்காத குழந்தைமேல், பிறகு அம்மாவின் பவுடர் டப்பாமேல். கடைசியில் எல்லாக் கோபமும் சுற்றிக்கொண்டு அவளிடமே வந்து நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அவள்தான். நாலு வருஷம் மறைத்துவிட்டு, யாருமே பார்க்கவில்லையே என்று நொந்துகொண்டால் யார் என்ன செய்வார்கள்?

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கவில்லை. சனிக்கிழமை போனது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தபோது சபின் செவ்வாய்க்கிழமை கிடந்த இடத்திலேயே கிடந்தாள். பிரம்பு நாற்காலி அறைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே வரைக்கும் போக முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. போன் எடுக்காமல் விட்டுவிடலாம். கரண்ட் இல்லை, மழை, நெட்வொர்க் இல்லை என்று அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம். முன்னே இரண்டொரு தடவை அப்படிச் சொன்னதுதான்.

தலையணைக்குப் பக்கத்தில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

சபின் அதை எடுத்தாள். நிமிர்த்திப் பிடிக்க முடியவில்லை. தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் பச்சையை அழுத்தினாள். திரையின் மூலையில் தன் முகம் தெரிந்தது. சிக்குப் பிடித்த தலை, வகிட்டில் நரை, நைட்டி, காய்ந்த உதடு. மூடிவிடலாமா என்று கை போயிற்று. போன கையை அங்கேயே போட்டுவிட்டாள்.

"அக்கா, கேமரா கோணலா இருக்கு," என்றான் ழான்-லூக். அவன் முன்னால் கோழிக்கறித் தட்டு இருந்தது. "எழுந்து உக்காந்து பிடி."

"முடியல."

"ஏன், ஜுரமா?"

"இல்ல. இதான் நான்." மூச்சு வாங்கியது. நிறுத்திச் சொன்னாள். "திங்கக்கெழமையும் இப்பிடித்தான். வெள்ளிக்கெழமையும் இப்பிடித்தான். ஞாயித்துக்கெழம உங்களுக்காக எழுந்து உக்காருவேன். நாலு வருஷமா அவ்ளோதான்."

ழான்-லூக் முள்கரண்டியைக் கீழே வைத்தான். என்ன செய்வது என்று தெரியாத ஆம்பிளைகள் எல்லாரும் செய்வதையே அவனும் செய்தான். வேறு டாக்டரைப் பார், இங்கே ஒரு வைட்டமின் இருக்கிறது அனுப்புகிறேன், மனச்சோர்வாக இருக்கும், தியானம் செய் என்று படபடவென்று பேசினான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் சபினின் தலையில் தகரத்து மழைபோல விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ழான்-லூக், நீ வையிடா," என்றது இவோன் குரல். "நான் அப்பறம் பேசறேன்."

அவன் போனான். இவோன் மட்டும் இருந்தாள். உடனே வெடித்தாள்.

"ஏண்டி பொய் சொன்ன? நேரா கேட்டேனே! கல்லறைல நீ நிக்கறப்பவே கேட்டேனே! டிக்கெட்ட மாத்திட்டேன்டி பாவி. மொர்கான் கிட்ட சொல்லிட்டேன். இப்ப எப்பிடி நான் வரதுடி?"

"வர முடியாதுன்னு தெரியும் அக்கா."

"அப்ப ஏன் இப்ப சொல்ற?"

இதற்குச் சபினிடம் பதில் இருந்தது. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றபோது அம்மா கையை நீட்டி என்ன கேட்டாள் என்று இவோனுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொல்லி முடிக்கிற அளவு மூச்சு இன்றைக்கு இல்லை.

"இனிமே பவுடர் போட முடியாது அக்கா," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

இவோன் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கச்சியின் நரையை, காய்ந்த உதட்டை, தலைமாட்டில் மூடாமல் கிடந்த தட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஊராருக்குப் படுக்கை மாற்றிப் போட்டவள், சொந்தத் தங்கச்சியைப் பார்க்கத் தவறிவிட்டாள். அது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"உனக்கு நான் இப்ப என்னா செய்யட்டும், சொல்லு."

சபின் யோசித்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"போன கட் பண்ணாத. பேச வேணாம். நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

இவோனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு போனை எங்கேயோ சாய்த்து வைத்தாள். திரையில் சமையலறைக் கூரையும் ஒரு விளக்கும் மட்டும் தெரிந்தன. சபின் சத்தத்தை நன்றாகக் குறைத்து, போனைக் காதுக்கு எட்டுகிற தூரத்தில் தலையணையிலேயே விட்டாள்.

குழாய் திறந்தது. தட்டு தட்டோடு மோதியது. செருப்பு தரையில் தேய்ந்தது. "ஜூல், கைய எடு, சுடும்!" என்று இவோன் அதட்டினாள், அடுத்த அதட்டல் பிரெஞ்சில் வந்தது. ஏதோ ஒன்று விழுந்து உடைந்தது. இவோன், அம்மா காதில் விழுந்திருந்தால் வாயில் மிளகாய் தேய்த்திருப்பாள், அப்படி ஒரு பிரெஞ்சு வசவு வைத்தாள். சபினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலித்தது.

டிசம்பரில் இவோன் வரப்போவதில்லை. உள் அறைக் கட்டில் காலியாகத்தான் கிடக்கும். வசந்தா நாளைக்கு வந்து நாலு எட்டு நடக்கச் சொல்வாள். அதெல்லாம் அப்படியேதான் இருந்தது. ஆனால் தான் படுத்திருக்க, பக்கத்தில் எங்கேயோ ஒரு மனுஷி எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாகச் சபின் முகம் கழுவாமல், தலை வாராமல், அக்கா இருக்கிற வீட்டில் தூங்கிப்போனாள்.

முழிப்பு வந்தபோது அறை இருட்டியிருந்தது. மழை விட்டிருந்தது. போனிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. அவள் பயந்துபோய்த் தலையைத் திருப்பினாள்.

"அக்கா?"

"இருக்கேன்டி," என்றது குரல், மிகப் பக்கத்திலிருந்து. "தூங்கு."